கரம்பை, கிடை, வரப்பு: ஊர் மண் குழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது சிவகங்கைப் பக்கம், கண்மாயும் மானாவாரியும் கலந்த ஊர். சில வருடமாக ஊர்க்காரர்கள் சேர்ந்து நிலத்து மண்ணையும் கண்மாயையும் ஓடையையும் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டெல்டாவிலோ கொங்குப் பக்கமோ இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது, பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் காட்டை நானே பார்த்துக்கொள்கிறேன். இதற்கு எதற்குக் குழு?

உங்கள் மண் உங்கள் வரப்போடு நிற்கிறதா என்று ஐப்பசியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஒரு மணி நேரம் மழை கொட்டினால் மேட்டுக்காட்டு மேல்மண் அடுத்தவர் புஞ்சைக்கும், அங்கிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து கண்மாய்க்கும் போய்விடுகிறது. அதே மண்ணைத்தான் பிறகு டிராக்டர் வாடகை கொடுத்துத் கண்மாயிலிருந்து திரும்ப அள்ளிக்கொண்டு வந்து கரம்பை, அதாவது வண்டல் என்று காட்டில் கொட்டுகிறோம். மேலே இருப்பவர் சரிவுக்குக் குறுக்கே உழுது வரப்பைக் கட்டி வைத்தால் பலன் பாதிக்கு மேல் கீழே இருப்பவருக்கு. செலவு மட்டும் மேலே இருப்பவருக்கு. அவர் ஏன் செய்வார்? கீழே இருப்பவர் தனியாக எவ்வளவு உயரமாக வரப்பு போட்டாலும், மேலே இருந்து மொத்தத் தண்ணீரும் ஒரே இடத்தில் விழுந்தால் உடைத்துக்கொண்டு போய்விடும். நாங்கள் இரண்டு வருடம் தனித்தனியாக வரப்பு போட்டுப் போட்டு உடையவிட்ட பிறகுதான் உட்கார்ந்து பேசினோம்.

எத்தனை பேர் வேண்டும்? பதிவு செய்ய வேண்டுமா?

ஐந்தாறு பேர் போதும், ஆனால் ஒரே ஓடைக்குத் தண்ணீர் விடுகிற நிலக்காரர்களாக இருக்க வேண்டும். ஊரின் நாலு மூலையிலிருந்து நாற்பது பேர் சேருவதைவிட ஒரே சரிவில் இருக்கும் ஆறு பேர் மேல்.

பதிவை முதல் நாளே செய்ய வேண்டாம். சங்கமாகப் பதிய வேண்டுமென்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிந்தபின் வருடா வருடம் கணக்கும் பொதுக்குழுவும் காட்ட வேண்டும், விட்டுவிட்டால் அது தனித் தலைவலி. வேளாண்மைத் துறை வழியாகப் போவதென்றால் 2017-இல் வந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் இருபது பேர் கொண்ட ஆர்வலர் குழு, அப்படி ஐந்து சேர்ந்து நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு என்று ஓர் அமைப்பு இருந்தது. பல ஊரில் அந்தக் குழு பெயரளவில் இன்னும் இருக்கும். உங்கள் ஊரில் இருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதையே தூசி தட்டலாமா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அது போதாதா?

போதாது. காலை வணக்கம் வரும், மண் வராது.

யாரையெல்லாம் சேர்ப்பது? பட்டா இருப்பவர்களை மட்டுமா?

பட்டா வைத்துச் சேர்த்தால் குழு முழுக்க வயதான ஆண்களாக இருக்கும், காட்டில் வேலை பார்க்கிறவர்கள் வெளியே நிற்பார்கள். எங்கள் ஊரில் களை எடுப்பது, குப்பை சுமப்பது, விதை எடுத்து வைப்பது எல்லாம் பெண்கள்தான், பட்டாவில் அவர்கள் பெயர் அபூர்வம். அதனால் வீட்டுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண் என்று வைத்தோம். முதல் கூட்டத்தில் அத்தைமார்கள் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில், "நீங்க மரக்கன்று நடச் சொன்ன இடத்துலதான் நாங்க ஆட்டைக் கட்டுவோம், அது தெரியுமா?" என்று ஓர் அத்தை கேட்டார். அன்றைக்குத்தான் கூட்டம் கூட்டமாக மாறியது.

குத்தகைக்காரர் விஷயம் இன்னும் சிக்கல். கரம்பை அடித்தால் பலன் மூன்று நாலு வருடத்துக்கு இருக்கும், அவர் குத்தகையோ ஒரு வருடம். நிலத்தைச் செம்மை பண்ணிக் கொடுத்தால் அடுத்த வருடம் குத்தகைத் தொகை ஏறும், அல்லது வேறு ஆளுக்குப் போகும். அவர் யூரியாவை மட்டும் போட்டுவிட்டு அந்த வருடத்தை ஓட்டுவதைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் நிலக்காரரையும் குத்தகைக்காரரையும் ஒன்றாக உட்கார வைத்து, கரம்பைச் செலவை நிலக்காரர் ஏற்பது, மூன்று வருடம் ஆளை மாற்றாமல் இருப்பது என்று எழுதி வாங்கினோம். எல்லோரும் சம்மதிக்கவில்லை, சம்மதித்த இடத்தில் நடந்தது.

நிலமே இல்லாதவர்களையும் விடாதீர்கள். ஹரியானாவில் சுகோமாஜ்ரி என்றொரு சிறு ஊர். சண்டிகரின் சுக்னா ஏரியில் மண் வந்து நிரம்புகிறதே என்று 1970-களில் தேடிப் போனால், அந்த ஊருக்கு மேலே இருந்த குன்றில் ஆடுமாடு மேய்ந்து மேய்ந்து மண் கரைந்து வருவது தெரிந்தது. பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வள அதிகாரி ஊர்க்காரர்களோடு சேர்ந்து சிறு மண் அணைகள் கட்டினார். அணைத் தண்ணீர் நிலக்காரர்களுக்கு மட்டும் என்றால் ஆடு வைத்திருப்பவன் மேய்ச்சலை ஏன் நிறுத்துவான்? அதனால் நிலம் இல்லாத வீட்டுக்கும் தண்ணீரில் சம பங்கு, வேண்டாமென்றால் அதை விற்றுக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். மேய்ச்சல் தானாகக் குறைந்தது, குன்று பச்சையானது. நம் ஊரில் பங்காகக் கொடுக்கத் தண்ணீர் இல்லாவிட்டாலும் கண்மாய் மீன், கருவேல விறகு, கரைப் புல் என்று ஏதோ ஒன்று இருக்கும்.

முதல் வேலையாக மரக்கன்று நடலாமா?

எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள், நாங்களும் அப்படித்தான். போட்டோ எடுத்தோம், டீ குடித்தோம், அடுத்த சித்திரையில் பாதிகூடத் தேறவில்லை. தண்ணீர் ஊற்ற ஆள் போடாமல், வேலி கட்டாமல் நட்டால் அது ஆட்டுக்குத் தீனி. பனை விதையும் அப்படித்தான். ஊன்றுவது சுலபம், வளர்ந்து பலனுக்கு வரப் பதினைந்து இருபது வருடம் ஆகும், நடுவில் யார் கரையைச் சுரண்டாமல் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

முதல் வேலை நடப்பது. நல்ல மழை பெய்யும்போது, குடையோ சாக்கோ போட்டுக்கொண்டு, மேட்டிலிருந்து கண்மாய் வரை தண்ணீர் போகும் வழியிலேயே நடங்கள். எங்கே தண்ணீர் கலங்கல் ஆகிறது, எந்த வரப்பில் நண்டு வளை, எந்த ஓடை மறித்துக் கிடக்கிறது, யாருடைய காடு சரிவோடு உழுதிருக்கிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். நிலக்காரரையும் கூடவே அழைத்துப் போங்கள். "உன் காட்டுல மண் போகுது" என்று பிறகு சொன்னால் சண்டை. நேரில் பார்த்தால் அவரே மண்வெட்டி எடுத்துவிடுவார்.

மண் பரிசோதனை அட்டை ஏற்கெனவே இருக்கிறது. மறுபடி எதற்கு?

மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கியது. தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், ஐந்து நுண்சத்துகள், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து என்று பன்னிரண்டு அளவுகள் அதில் உண்டு. திட்டம் நல்லதுதான். ஆனால் அந்த மாதிரி உங்கள் காட்டில் எடுத்ததா, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா? இருந்திருந்தால் அட்டையை நம்புங்கள், இல்லாவிட்டால் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

எடுக்கும் முறை சிக்கலில்லை. வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் மூன்றையும் விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து இடத்தில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி அரை அடி குழி வெட்டி, குழியின் ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனமாகச் சுரண்ட வேண்டும். எல்லாவற்றையும் சாக்கில் கலந்து நாலு பங்காக்கி எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மிச்சத்தை மறுபடி கலந்து, அரைக் கிலோ வரும் வரை இப்படியே செய்யுங்கள். உரம் போட்டவுடன் எடுக்க வேண்டாம்.

அட்டை வந்ததும் எல்லோரும் யூரியா எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். முதலில் கரிமச் சத்தைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் போனால் நல்லது. எங்கள் செவல் காடுகளில் பெரும்பாலும் குறைவு என்றே வந்தது.

கரம்பை அடிக்க அனுமதி வேண்டுமா? எவ்வளவு அடிக்கலாம்?

வேண்டும். முன்பு கலெக்டர் வரை கோப்பு போய் வர வேண்டியிருந்தது, அது வருவதற்குள் மழை வந்துவிடும். 2024 ஜூனில் அரசு இதை மாற்றி, இணையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கும்படி செய்தது. விவசாயத்துக்கு மண் இலவசம், அள்ளுகிற செலவும் வண்டி வாடகையும் நம்முடையது. நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கனமீட்டர் என்பது அளவு. கேட்க நிறைய மாதிரி இருக்கும், பரப்பிப் பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர் கனம்தான் வரும்.

ஆளாளுக்குத் தனித்தனியாக விண்ணப்பித்தால் இயந்திரம் வந்து போகிற கூலியே தின்றுவிடும். குழுவாகச் சேர்ந்து பட்டியல் போட்டு, ஒரே வாரத்தில் ஒரே இயந்திரத்தை வைத்து அள்ளியதில் எங்களுக்குச் செலவு நன்றாகவே குறைந்தது. குழுவால் முதலில் கிடைத்த கண்ணுக்குத் தெரிந்த லாபமும் இதுதான்.

நாலு எச்சரிக்கை. கரையடியில் தோண்டக் கூடாது, கரை பலவீனமாகும். வண்டலைத் தாண்டி அடியில் மணல் தெரியும் வரை போகக் கூடாது, பிறகு கண்மாயில் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். சிலர் கரம்பை என்ற பெயரில் பள்ளம் நிரப்பும் சவுடு மண்ணுக்கும் செங்கல் சூளைக்கும் ஆழமாகத் தோண்டுவதைத் தடுக்க, அள்ளும் நாட்களில் குழுவிலிருந்து இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நாலாவதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்: கருவேலங்காய் விழுந்து கிடந்த இடத்து வண்டலை அள்ளிக் கொட்டினால் அடுத்த மழைக்குக் காடு முழுக்கச் சீமைக்கருவேலங்கன்று. மேலே இருக்கும் அடுக்கைச் சுரண்டி ஒதுக்கிவிட்டு அள்ளுங்கள்.

அப்புறம், கரம்பை செவலுக்கும் மணற்பாங்கான காட்டுக்கும்தான். கரிசலில் ஏற்கெனவே களி அதிகம், அதில் கொண்டுபோய் இன்னும் களியைக் கொட்டுவது வீண். கண்மாய் மண்ணிலேயே உப்பு இருக்கிறதா என்றும் ஒரு மாதிரி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆட்டுக்கிடை போடுவது இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது. கிடை என்றால் ஆட்டு மந்தையை இரவில் காட்டில் அடைத்து வைப்பது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது மந்தை மேய்ப்பவர்கள், அறுவடை முடிந்த காலத்தில் தஞ்சாவூர் வரைக்கும் கிடை ஓட்டிப் போகிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் இரவோடு இரவாக நிலத்தில் நேராக விழுகிறது, சுமக்கிற கூலி இல்லை. போட்ட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ லேசாக உழுதுவிட வேண்டும், வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

ஒருவர் காட்டுக்கு மட்டும் கூப்பிட்டால் கீதாரி வரமாட்டார், ஓரிரவுக்காக மந்தையை ஓட்டி வருவது அவருக்குக் கட்டாது. பத்துக் காட்டுக்காரர்கள் சேர்ந்து வரிசை போட்டுக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார். ஆட்டுக்குத் தண்ணீர் எங்கே, பகலில் மேய்ச்சல் எங்கே என்பதை முன்பே பேசிவிடுங்கள். கருவேலங்காய் தின்ற ஆடு விதையையும் போடும், அது தெரிந்த விஷயம்தான். முளைத்ததும் பிடுங்கிவிட்டால் சரி.

சீமைக்கருவேலத்தை மொத்தமாக அழித்துவிடலாமா?

இந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும், வேலைக்குத்தான் ஆள் கிடைக்காது. மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தியாவுக்குள் வந்துவிட்டது. வெட்டினால் தூரிலிருந்து பத்துக் கிளை விடும், விதை மண்ணுக்குள் பல வருடம் கிடந்து முளைக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தைக்கூட உறிஞ்சும் என்று மேடையில் சொல்வார்கள். அந்தக் கதையெல்லாம் வேண்டியதில்லை. கண்மாய் உட்பரப்பில் முள் அடைத்து, வரத்துக்கால்வாயை மறித்து, கீழே ஒரு புல் முளைக்க விடாமல் நிற்பதே போதுமான குற்றம்.

ஆனால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பத்துக்கு அடுப்பு எரிவதும், கரி மூட்டம் போட்டுக் காசு பார்ப்பதும் அதில்தான். நாங்கள் போட்ட வரிசை இது: முதலில் வரத்துக்கால்வாய், பிறகு கண்மாய் உட்பரப்பு, பிறகு வரப்போரம். தரிசில் நிற்பதைக் கடைசியாகப் பார்க்கலாம். தூரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கிய இடத்தை அந்த மழைக்கே ஏதாவது விதைத்து மூட வேண்டும். வெறும் தரையாக விட்டால் ஒரே வருடத்தில் அவரே திரும்ப வந்துவிடுவார்.

குழுவில் சேர்ந்தால் இயற்கை விவசாயம்தான் செய்ய வேண்டுமா?

வேண்டாம். எங்கள் குழுவில் யூரியா போடுகிறவரும் இருக்கிறார், ஒரு மூட்டைகூடத் தொடாதவரும் இருக்கிறார். இதை மதச்சண்டை மாதிரி ஆக்கினால் குழு இரண்டாவது கூட்டத்திலேயே உடையும். எல்லோரும் ஒப்புக்கொண்டது மூன்றே விஷயம்: அறுவடைக்குப் பின் நிற்கும் தாள், காய்ந்த செடி மார் எரிப்பதில்லை, கோடை மழைக்குச் சரிவுக்குக் குறுக்கே உழுவது, வருடத்தில் ஒரு தடவையாவது மண்ணுக்குத் தழை கொடுப்பது.

தழை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜீவாமிர்தம் ஊற்றிவிட்டால் கரிமம் ஏறிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழத்து மேல்மண் மட்டும் ஏறக்குறைய 850 டன். அதில் கரிமத்தை 0.1 சதவீதம் ஏற்றவே முக்கால் டன்னுக்கு மேல் கரிமம் மண்ணில் தங்க வேண்டும். ஏக்கருக்கு ஊற்றும் 200 லிட்டரில் பத்துக் கிலோ சாணமும் இரண்டு கிலோ வெல்லமும் இரண்டு கிலோ பயறு மாவும்தான் இருக்கிறது, கணக்கு எங்கே உதைக்கிறது பாருங்கள். ஊற்றுங்கள், நுண்ணுயிருக்கு நல்லது, ஆனால் அந்த நுண்ணுயிர் தின்பதற்கு அங்கே தழை கிடக்க வேண்டும்.

ஈரம் நிற்கிற இடத்துக்கும் உவர் நிலத்துக்கும் தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு இருபது கிலோ விதை. தண்ணீர் தேங்காத காட்டுக்குச் சணப்பு. காய்ந்த செவலுக்குக் கொளுஞ்சி, அது ஒரு தடவை வந்துவிட்டால் தானாக விதை விழுந்து அடுத்தடுத்து முளைக்கும், ஆடும் அவ்வளவாகக் கடிக்காது. நாற்பத்தைந்து நாளில், பூ எடுக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். 2024-இல் தொடங்கிய "மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" திட்டத்தில் பசுந்தாள் விதை மானியத்தில் கொடுத்தார்கள், இப்போது இருப்பு உண்டா என்று வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

கண்மாய் யாருடையது? நாம் கை வைக்கலாமா?

பாசனப் பரப்பு நாற்பது ஹெக்டேருக்கு, அதாவது நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். எது என்று தெரியாமல் மனு எழுதினால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைய வேண்டியதுதான். நாங்கள் அப்படி ஓர் அலுவலகத்துக்கு எட்டு மாதம் நடந்தபின் "இது எங்க கண்மாயே இல்லையே" என்ற பதிலை வாங்கினோம்.

ஊர் கூடி மராமத்து செய்வது நமக்குப் புதிதில்லை, குடிமராமத்து என்று பெயரே இருந்தது. 2017-இல் அரசு அதே பெயரில், ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது கண்மாய்ப் பாசன நிலக்காரர்கள், பத்து சதவீதம் பங்கு தரும்படி மறுபடி தொடங்கியது. கரையை உயர்த்துவது, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கைத் தொடுவது, மடையை மாற்றுவது இதையெல்லாம் துறை இல்லாமல் செய்யாதீர்கள். வரத்துக்கால்வாயில் முள் வெட்டுவதற்கும் குப்பை அள்ளுவதற்கும் ஊராட்சியில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு இறங்கலாம். ஆக்கிரமிப்பு இருந்தால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஆக்கிரமித்தவர் உங்கள் மாமனாராகவும் இருக்கலாம், ஆகவே முதலில் கிராம சபையில் பேசித் தீர்மானமாகப் போடுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபை இதற்குத் தோதானது.

பணம்?

வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய், இரண்டு பேர் கையெழுத்து போடும் வங்கிக் கணக்கு, மாதா மாதம் டீக்கடைச் சுவரில் ஒட்டும் வரவு செலவு. டீச்செலவையும் எழுதுங்கள், அதில்தான் முதல் சந்தேகம் வரும். வெளியிலிருந்து பெரிய தொகை முதல் வருடமே வந்தால் வேண்டாம் என்று சொல்வேன், பணம் தீர்ந்ததும் ஆளும் தீர்ந்துவிடும்.

வேறு எங்காவது இது பெரிதாக நடந்திருக்கிறதா?

ஆஸ்திரேலியாவில் லேண்ட்கேர் என்றே பெயர். விக்டோரியா மாநிலத்தில் 1986-இல் செயிண்ட் ஆர்னாட் ஊருக்குப் பக்கத்தில் வின்ஜாலாக் என்ற இடத்து விவசாயிகள் முதல் குழுவைத் தொடங்கினார்கள். அதற்குப் பின்னால் இரண்டு பெண்கள்: அப்போது அந்த மாநில அமைச்சராக இருந்த ஜோன் கர்னர், விவசாயிகள் கூட்டமைப்பின் தலைவர் ஹெதர் மிட்செல். அங்கே பெரிய பிரச்சினைகளில் ஒன்று உவர். ஆழ வேர் மரங்களை வெட்டிக் கோதுமையும் புல்லும் போட்டதால் மழைத்தண்ணீரை உறிஞ்ச ஆளில்லாமல் நிலத்தடி நீர் மேலேறி, அடியிலிருந்த உப்பையும் கூடவே கொண்டு வந்தது. மரம் வெட்டியது ஒருவர் மேட்டில், உவர் பூத்தது இன்னொருவர் பள்ளத்தில். நம் வரப்புக் கதையேதான், உப்பு மட்டும் கூடுதல். விவசாயிகள் சங்கமும் சுற்றுச்சூழல் இயக்கமும் அங்கே எதிரெதிர்க் கட்சி. இரண்டும் சேர்ந்து போய்க் கேட்டதும் 1989-இல் பிரதமர் பாப் ஹாக் அடுத்த பத்து வருடத்தை லேண்ட்கேர் பத்தாண்டு என்று அறிவித்து 32 கோடி டாலர் ஒதுக்கினார். ஆயிரக்கணக்கில் குழுக்கள் வந்தன. அவ்வளவு பணம் போயும் உவர் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார். போபட்ராவ் பவார் 1989-இல் சர்பஞ்ச், அதாவது ஊராட்சித் தலைவர் ஆன பிறகு பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கிடையாது, கண்ட இடத்தில் மேய்ச்சல் கிடையாது என்று ஊரே முடிவெடுத்தது. வருடா வருடம் மழையை அளந்து, இருக்கிற தண்ணீருக்கு என்ன பயிர் என்று கூடித் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தண்ணீர்க் கணக்கை நாங்கள் இரண்டு தடவை போட்டுப் பார்த்தோம், இரண்டு தடவையும் கூட்டம் சண்டையில் முடிந்தது. மூன்றாவது தடவை போடுவோம்.

மண் தேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். உடனே கரைந்து சேறாகிவிட்டால் மழையிலும் அப்படித்தான் போகும். கொஞ்ச நேரம் உருக்குலையாமல் கிடந்தால் தேறுகிறது. இன்னொன்று, அடியும் மேலும் வெட்டிய பெயிண்ட் டப்பாவை மண்ணில் இரண்டு விரல்கட்டை இறக்கி, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, உள்ளே இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். உழாத வேலியோரத்திலும் நடுக்காட்டிலும் செய்து பார்த்தால் வித்தியாசம் நெஞ்சைச் சுடும். பசங்களை வைத்து வருடம் ஒரு முறை ஒரே இடத்தில் செய்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள், பெரியவர்களைவிட ஒழுங்காக எழுதுகிறார்கள். முதல் இரண்டு வருடம் பெரிதாக ஒன்றும் தெரியாது.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

மாசி கடைசி. அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு இருக்கும், கண்மாயில் தண்ணீர் வற்றத் தொடங்கியிருக்கும், பங்குனியில் கரம்பை விண்ணப்பம் போட்டால் சித்திரை வைகாசிக்குள் அள்ளிவிடலாம். பங்குனிப் பொங்கல் வைக்கும் ஊராக இருந்தால் திருவிழா முடிந்த மறுவாரம் கூட்டத்தை வையுங்கள், வெளியூரில் இருக்கும் பட்டாக்காரர்களும் சிக்குவார்கள்.